கிடாரின் கழுத்தில் விழும் முறுக்கு

புது அக்கூஸ்டிக் கிடாரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் தலைப்பக்கம் கண்ணை வைத்துக் கழுத்து நெடுகப் பார்ப்பது நல்ல பழக்கம். அப்படிப் பார்க்கிற சிலருக்கு அங்கேயே வயிறு கலங்கிவிடுகிறது. நட்டின் கோடும் பன்னிரண்டாம் ஃபிரெட்டின் கோடும் இணையாக இல்லை. ஒரு முனை லேசாகத் தூக்கி நிற்கிறது. கழுத்து முறுக்கிக்கொண்டதோ என்று விசாரிக்கத் தொடங்கினால் ஆளுக்கொரு பதில் வருகிறது. கடைக்காரர் இதெல்லாம் சகஜம் என்கிறார். நன்றாக வாசிக்கும் நண்பர், யோசிக்காமல் திருப்பிக் கொடு என்கிறார். ரிப்பேர் செய்பவர், கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராடை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும் என்கிறார். முதல் இரண்டு பதில்களும் சில கிடார்களுக்குச் சரி. மூன்றாவது பெரும்பாலும் தவறு. எந்தக் கிடாருக்கு எந்தப் பதில் என்பதைக் கண்ணால் தீர்மானிக்க முடியாது. ஒவ்வொரு கம்பிக்கும் அடியில் ஓடும் ஃபிரெட் முகடுகளின் கோடு எப்படி இருக்கிறது, முறுக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற இரண்டையும் அளந்துதான் சொல்ல முடியும்.

மரம் ஏன் முறுக்குகிறது என்பதில் தச்சர்களுக்கும் மர அறிவியலாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மரம் ஈரத்தை இழுக்கும், விடும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் விரிந்து சுருங்காது. பச்சை மரம் முற்றிலும் காயும்போது மஹோகனி, ஆண்டு வளையத்தின் குறுக்கே 3 சதவீதமும் வளையத்தையொட்டி 4.1 சதவீதமும் சுருங்கும். கடின மேப்பிளில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது: 4.8, 9.9. இழையின் நீளவாக்கில் சுருக்கம் மிக மிகக் குறைவு. மஹோகனியைக் கழுத்துக்கு விரும்பி எடுத்ததற்கு இரண்டு திசைச் சுருக்கங்களும் அருகருகே இருப்பதும் ஒரு காரணம். ஆனால் எந்த மரமானாலும், இழை அடியிலிருந்து நுனிவரை நேராக ஓடாமல் தண்டைச் சுற்றிச் சுருளாக ஏறியிருந்தால், அதில் அறுத்த கட்டை காயும்போது ஈரத்துணியைப் பிழிவதுபோல் திருகிக்கொள்ளும். நேராக வளர்ந்த மரத்தையும் கோணலாக அறுத்தால் இதே வினைதான். இதற்காகத்தான் நல்ல பட்டறைகளில் கழுத்துக் கட்டையை முதலில் தோராயமாக வெட்டிச் சில வாரங்கள் சும்மா வைத்துவிட்டு, உள்ளே அடங்கியிருந்த இழுவிசை வெளிப்பட்ட பிறகு மீண்டும் சீவுகிறார்கள். மூன்று பட்டைகளை இழைத்திசை மாற்றி ஒட்டிக் கழுத்து செய்வதும், உள்ளே கார்பன் ஃபைபர் சட்டங்கள் பதிப்பதும் இதே காரணத்துக்காக. அவசரமாக உற்பத்தி செய்யும் இடத்தில் முதலில் கைவிடப்படுவது அந்தக் காத்திருப்புதான்.

மரத்தின் குணத்தோடு கம்பிகளின் இழுவையும் சேர்ந்துகொள்கிறது. கம்பித் தடிமன் எண் 12-இல் தொடங்கி 53-இல் முடியும் பாஸ்பர் பிரான்ஸ் லைட் செட் ஒன்றைச் சுருதிக்கு ஏற்றினால் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 74 கிலோ எடைக்கு இழுக்கும். தடித்த மூன்று கம்பிகளின் பங்கு 39 கிலோ, மெல்லிய மூன்றின் பங்கு 35. நான்கு கிலோ வித்தியாசம் சிறியதுதான், ஆனால் இரவும் பகலும் ஓயாமல் இழுக்கிறது. ஆகவே கழுத்தின் பாஸ் பக்கம் ட்ரெபிள் பக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக முன்வளைவது இயல்பு.

டிரஸ் ராடால் முறுக்கு ஏன் சரியாகாது என்பதற்கு அந்த ராடு வந்த கதையே பதில். கிப்சன் நிறுவனத்தில் பணிபுரிந்த தாடியஸ் மெக்ஹ்யூ 1921-இல் விண்ணப்பித்து 1923-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. எஃகுக் கம்பிகளின் இழுவையில் கழுத்து வில்லாக வளைவதைத் தடுப்பதுதான் அதன் வேலை. கழுத்தின் நட்டநடுவே ஓடும் ஒற்றை ராடு, கழுத்தை முன்னாலோ பின்னாலோ மட்டுமே வளைக்கும். மார்ட்டின் நிறுவனம் 1985 வரை திருகக்கூடிய டிரஸ் ராடே போடாமல் உள்ளே எஃகுச் சட்டம் பதித்துக் கழுத்தை விறைப்பாக்கிக் காலம் தள்ளியது. ரிக்கன்பேக்கரோ நெடுங்காலம் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ராடுகள் வைத்தது; இரண்டையும் வேறுவேறு அளவில் இறுக்கினால் சிறு முறுக்கைக் குறைக்க முடியும். சாதாரண அக்கூஸ்டிக்கில் அந்த வசதி கிடையாது. இழை சீராக இல்லாத கழுத்தில் ஒற்றை ராடை அதிகமாக இறுக்கினால், வளைய மறுக்கும் பக்கம் அப்படியே நிற்க, இளகிய பக்கம் மட்டும் பின்னால் போய் முறுக்கு கூடவும் செய்யும். ஆகவே முதல் சோதனையாக ராடை இறுக்காமல் கொஞ்சம் தளர்த்திவிட்டுப் பார்க்க வேண்டும். சில கழுத்துகளில் முறுக்கே ராடின் இறுக்கத்தால் வந்ததாக இருக்கும். தளர்த்தியதும் பாதி மறைந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: கண்ணில் படுவது உண்மையிலேயே முறுக்குதானா? புதுக் கிடாரில் முறுக்கு என்று கொண்டுவரப்படுவதில் கணிசமான பங்கு வேறு ஏதாவதுதான். பாஸ் கம்பி ட்ரெபிள் கம்பியைவிட உயரமாக இருக்கும்படி சேடில் வேண்டுமென்றே சரிவாகச் செய்யப்படுகிறது. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் ஆறாவது கம்பிக்கு 2.4 மி.மீ., முதல் கம்பிக்கு 1.8 மி.மீ. என்பது சாதாரண அளவு. இதைப் பார்த்தே கழுத்து சாய்ந்துவிட்டது என்று எண்ணிவிடுகிறவர்கள் உண்டு. நட்டின் ஒரு பள்ளம் ஆழமாக வெட்டப்பட்டிருந்தாலும் அந்தத் தோற்றம் வரும். ஏதாவது ஒரு ஃபிரெட்டின் முனை பள்ளத்தைவிட்டு எழும்பியிருந்தாலும் வரும். இன்னொன்று, கழுத்து தன்னளவில் நேராகவே இருந்து, உடலோடு பொருந்தும் இடத்தில் மொத்தமாக ஒரு பக்கம் சாய்த்து ஒட்டப்பட்டிருக்கலாம். அது பொருத்துவதில் நேர்ந்த பிசகு, முறுக்கல்ல. பெரும்பாலும் சேடிலைச் சீவியே சரிக்கட்டிவிடலாம்.

தச்சர்கள் பலகையின் முறுக்கைப் பார்க்க இரண்டு நேரான சட்டங்களை இரு முனைகளிலும் குறுக்கே வைத்து, ஒன்றின் மேல்விளிம்பை மற்றொன்றின் மேல்விளிம்போடு சேர்த்து நோக்குவார்கள். விளிம்புகள் இணையாக இல்லாவிட்டால் முறுக்கு. இதைக் கிடாரில் செய்யும்போது ஒரு சிக்கல் வருகிறது. ஸ்டீல் ஸ்ட்ரிங் கிடாரின் ஃபிரெட்போர்டு தட்டை அல்ல, லேசான மேடு. மார்ட்டினில் 16 அங்குல ஆரம், டெய்லரில் 15, கிப்சனில் 12. அந்த மேட்டின்மேல் வைத்த ஸ்கேல் ஆடும். எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ அந்தச் சாய்வை முறுக்கு என்று கண் எடுத்துக்கொள்ளும். கம்பிகளையே அளவுகோலாக வைத்துக்கொள்வது மேல்.

அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பைக் மெக்கானிக்குகள் வால்வு இடைவெளி பார்க்க வைத்திருக்கும் ஃபில்லர் கேஜ் ஒன்று போதும். கிடாரை மடியில் படுக்கவைக்காமல், வாசிக்கும் நிலையிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். படுத்தால் தலையின் எடை கழுத்தைச் சற்று மாற்றிவிடும். கம்பிகள் முழுச் சுருதியில் இருக்க வேண்டும். முதல் ஃபிரெட்டில் கேப்போ போட்டு, ஆறாவது கம்பியை உடலும் கழுத்தும் சேரும் பதினான்காம் ஃபிரெட்டில் அழுத்தினால், இழுத்துக் கட்டிய அந்தக் கம்பியே மிக நேரான ஒரு கோடாகிவிடும். இப்போது ஆறு, ஏழாம் ஃபிரெட்டின் உச்சிக்கும் கம்பியின் அடிக்கும் நடுவே தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்க்க வேண்டும். கம்பியைத் தூக்காமல் உரசிக்கொண்டு நுழைவதுதான் அளவு. பிறகு முதல் கம்பியில் அதையே செய்ய வேண்டும். 0.1 முதல் 0.25 மி.மீ. வரை இடைவெளி இருப்பது நல்ல கழுத்தின் அடையாளம்.

ஒரு மாணவனின் புதுக் கிடாரைச் சமீபத்தில் இப்படி அளந்தபோது, ஆறாவது கம்பியில் 0.30 மி.மீ. தகடு உரசிக்கொண்டு போனது. முதல் கம்பியில் 0.10 போனது, 0.15 போகவில்லை. தலைப்பக்கமிருந்து பார்த்தால் முறுக்கு பளிச்சென்று தெரிந்த கிடார் அது. வாசிப்பில் எந்த ஃபிரெட்டிலும் பஸ் (கம்பி உரசும் இரைச்சல்) அடிக்கவில்லை. சேடிலின் பாஸ் பக்கத்தை மட்டும் அரைமில்லிமீட்டருக்குக் குறைவாகத் தேய்த்ததும் கையும் லேசானது. அதே எண்கள் இடம் மாறியிருந்தால், அதாவது முதல் கம்பியில் 0.30-உம் ஆறாவதில் 0.10-உம் இருந்தால், அந்தக் கிடாரைத் திருப்பி அனுப்பத்தான் சொல்லியிருப்பேன்.

திசை ஏன் இவ்வளவு முக்கியம்? தடித்த கம்பி அகலமாக ஆடும். அதற்கு அடியில் கூடுதல் இடம் வேண்டும். மெல்லிய கம்பிக்குக் குறைவான இடமே போதும். பாஸ் பக்கம் முன்வந்த முறுக்கு, தேவையான இடத்தில் தேவையானதைத் தருகிறது. எதிர்த்திசை முறுக்கில் ஆறாவது கம்பிக்கடியில் கழுத்து பின்வாங்கிவிடும். தாழ்ந்த ஃபிரெட்டுகளில் வாசித்தால் மேலே உள்ள ஃபிரெட்டுகளில் கம்பி உரசும். அதைத் தவிர்க்கச் சேடிலைத் தூக்கினால், ஏற்கெனவே உயரமான ட்ரெபிள் பக்கம் விரலை நோகடிக்கும்.

அளவையும் எண்ணாக்கிப் பார்த்துவிடலாம். நட்டில் முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் இடையே ஏறக்குறைய 37 மி.மீ. நட்டிலிருந்து உடல்வரை மொத்தம் ஒரு டிகிரி முறுக்கு இருப்பதாக வைத்துக்கொண்டால், நட்டில் ஒரு ஓரக் கம்பி 0.32 மி.மீ. உயர்ந்தும் மற்றது அதே அளவு தாழ்ந்தும் இருக்கும். மறுமுனையில் சேடில் நகர்வதில்லை, ஃபிரெட்போர்டும் அதே பக்கம் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது. ஆகவே பன்னிரண்டாம் ஃபிரெட்டில் கம்பியின் உயரம் மாறுவது சுமார் 0.13 மி.மீ. மட்டுமே. ஒரு டிகிரி என்பது கண்ணுக்கு அப்பட்டமாகத் தெரியும் முறுக்கு. கைக்கு அது கிட்டத்தட்டத் தெரியாது. மூன்று டிகிரி ஆனால் 0.4 மி.மீ.; அது செட்டப்பில் சரிக்கட்டும் எல்லையைத் தாண்டத் தொடங்குகிறது. கண் பயமுறுத்தும் அளவுக்கும் வாசிப்பில் வரும் பாதிப்புக்கும் இவ்வளவு தூரம் இருப்பதால்தான், நேர்மையான கடைக்காரரின் ‘சகஜம்’ சில நேரம் உண்மையாகவே இருக்கிறது.

இங்கே வடிவியலில் அழகான ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஒரு பரப்பு நுனிமுதல் அடிவரை ஒரே சீராக முறுக்கியிருந்தால், அதன்மேல் நீளவாக்கில் போகும் ஒவ்வொரு கோடும் நேர்க்கோடாகவே இருக்கும். பரப்பு வளைந்திருக்கிறது, கோடுகள் வளையவில்லை. கம்பிக்குத் தேவை தன் கோடு நேராக இருப்பது மட்டும்தான். அமெரிக்கக் கிடார் தயாரிப்பாளர் ஜெரோம் லிட்டில் இதை வைத்தே ‘டார்சல்’ என்ற பெயரில் வேண்டுமென்று முறுக்கிய கழுத்துகளைச் செய்கிறார். இடது மணிக்கட்டுக்கு அது இயல்பான கோணம் என்பது அவர் வாதம். அங்கே பிரிட்ஜும் எதிர்ப்பக்கம் சாய்ந்து முறுக்கைத் தொடர்கிறது. நைலான் கம்பி கிடார் செய்பவர்களில் பலர் ஃபிரெட்போர்டின் பாஸ் பக்கத்தைச் சற்றுச் சரித்துச் சீவுவதும் பழைய வழக்கம். விரும்பாமல் வந்த முறுக்கில் கேடு எங்கே என்றால், அது சீராக இருப்பதில்லை. நட்டிலிருந்து உடல்வரை திரும்பிய கழுத்து உடலைத் தொட்டதும் திரும்புவதை நிறுத்திக்கொள்கிறது. அந்த மூட்டில் ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் மேடும் விழுகின்றன. சில கழுத்துகளில் முதல் நான்கைந்து ஃபிரெட்டுக்குள்ளேயே முழு முறுக்கும் அடங்கிவிடுவதும் உண்டு. அரை டிகிரியே ஆனாலும் அது தொந்தரவு தரும்.

வீணைக்காரர்கள் இந்தப் பிரச்சினையை வேறு வழியில் வென்றிருக்கிறார்கள் என்பது கிடார்க்காரர்கள் கவனிக்க வேண்டியது. தஞ்சாவூர் வீணையின் இருபத்துநான்கு மெட்டுகளும் கரி கலந்த மெழுகில் பதிந்து நிற்கின்றன. பலாமரத் தண்டி சற்றே அசைந்துகொடுத்தாலும் மேளம் கட்டுபவர், அதாவது மெட்டுகளைப் பதிப்பவர், மெழுகை இளக்கி, ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு மறுபடி அமர்த்திவிடுவார். மரத்தின் கோணல் மெழுகிலேயே கரைந்துவிடுகிறது. கிடாரின் ஃபிரெட் மரத்தில் அறைந்தது. மரம் போகும் வழியில்தான் அதுவும் போகும். தண்டியின் அசைவைக் குற்றமாக எண்ணாமல் பராமரிப்பின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொண்ட மரபு வீணையினுடையது.

நம் ஊரில் புதுக் கிடார் வாங்குகிறவர் இன்னொரு கணக்கையும் போட வேண்டியிருக்கிறது. பெரிய தொழிற்சாலைகள் உள்ளே 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் கிடார்களைச் செய்கின்றன. அந்தக் காற்றில் மரத்தின் ஈரம் 9 சதவீதத்தை ஒட்டி நிற்கும். அதே கிடார் ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைக்கோ நாகப்பட்டினத்துக்கோ வந்தால், 80 சதவீத ஈரக்காற்றில் மரம் மெல்ல மெல்ல 16 சதவீதத்தை நோக்கி ஈரம் இழுக்கும். மஹோகனிக் கழுத்து ஒரு வேகத்தில் இழுக்கும், மேலே ஒட்டிய ரோஸ்வுட் ஃபிரெட்போர்டு வேறு வேகத்தில் இழுக்கும். இரவில் ஏசி போட்டுப் பகலில் அணைக்கும் அறை என்றால் இந்த இழுபறி தினமும் நடக்கும். ஆகவே பெட்டி வந்த அன்றே எடுத்த அளவைக் கடைசித் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. சுருதி ஏற்றி, கிடாரை இனி இருக்கப்போகும் அறையில் ஐந்தாறு நாள் வைத்திருந்து மறுபடி அளக்க வேண்டும். முறுக்கு அப்படியே நின்றால் அது மரத்தோடு பிறந்தது. நாளுக்கு நாள் கூடினால் கழுத்து இன்னும் அடங்கவில்லை. அளவு சிறியதாக இருந்தாலும் அப்படிப்பட்ட கிடாரை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு அளவையும் தேதியோடு குறித்துவைப்பது பிறகு உதவும்.

பழுதுபார்க்கும் வழிகளில் மிகக் குறைந்த செலவு செட்டப்: ராடைச் சரிசெய்து, நட்டும் சேடிலும் சீவுவது. பாதிக்கு மேற்பட்ட கிடார்களுக்கு இதற்குமேல் எதுவும் தேவைப்படாது. அடுத்தது ஃபிரெட் லெவலிங். ஃபிரெட்டின் உயரமே ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான்; அதில் 0.2 வரை தேய்க்கலாம். அதற்குமேல் தேய்த்தால் புதுக் கிடார் ஐந்தாறு வருடம் வாசித்த கிடாரின் ஃபிரெட்டுகளோடு வாழ்க்கையைத் தொடங்கும். பெர்லினில் கெர்ட் ஆங்கே உருவாக்கிய ப்ளெக் இயந்திரம், கம்பிகள் இழுவையில் இருக்கும்போதே ஃபிரெட்டுகளை ஒவ்வொரு கம்பியின் பாதையிலும் தனித்தனியே அளந்து பிறகு தேய்க்கிறது. முறுக்கிய கழுத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. அது அளப்பது கழுத்தையல்ல, கம்பிப் பாதைகளை. கையால் செய்பவர்களுக்கு இதே கொள்கையில் டான் எர்லிவைன் வகுத்த நெக் ஜிக் இருக்கிறது. கம்பிகள் இழுத்தபடி இருந்தால் கழுத்து எந்த நிலையில் நிற்குமோ, அந்த நிலையில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும் தாங்கி அது. கம்பியைக் கழற்றிவிட்டு மேசைமேல் படுக்கவைத்துத் தேய்த்தால், இழுவையில் தலைகாட்டும் முறுக்கு அப்போது ஒளிந்துகொள்ளும். கம்பி ஏறியதும் திரும்பி வரும்.

முறுக்கு அதைவிடப் பெரிது என்றால் ஃபிரெட்டுகளைப் பிடுங்கி, ஃபிரெட்போர்டையே சீவி நேராக்கி, புது ஃபிரெட் அடிப்பார்கள். நிலையான தீர்வு. விலையுயர்ந்த பழைய கிடாருக்கு நியாயமான வேலையும்கூட. பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிய புதுக் கிடாருக்கு இந்தக் கூலியைக் கொடுப்பதில் அர்த்தமில்லை. கழுத்தைச் சூடாக்கி, எதிர்ப்பக்கம் கிளாம்ப் போட்டு முறுக்கி, ஆறவிடும் வழி ஒன்று நெடுநாளாக நடைமுறையில் இருக்கிறது. ஃபிரெட்போர்டை ஒட்டிய பசை இளகி, பலகை நூலளவு நகர்ந்து, புது இடத்தில் இறுகுவதுதான் அதன் தந்திரம். சில கழுத்துகள் அப்படியே நின்றுவிடுகின்றன. பல, சில மாதத்தில் பழைய கோணத்துக்குத் திரும்புகின்றன. மரத்தின் இழை மாறவில்லையே! புதுக் கிடாரில் இதைச் செய்ய விடவே கூடாது. வாரன்டியும் அதோடு போய்விடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடாரை விட்டுப்போகிறவர்கள் அறியாமலே இதே வேலையை எதிர்த்திசையில் செய்கிறார்கள். கழுத்தையே மாற்றுவது கடைசி வழி. டெய்லர் போல்ட்டில் பொருத்தும் கழுத்துக்கு அது எளிது. பசையிட்ட டவ்டெயில் மூட்டை ஆவி செலுத்திப் பிரிக்க வேண்டும்.

புதுக் கிடார் என்பதால் வாங்கியவருக்கு இருக்கும் பெரிய பலம், இவற்றில் எதையும் செய்யாமல் திருப்பிக் கொடுக்கும் உரிமை. இணையத்தில் வாங்கினால் அதற்கான காலம் ஒரு வாரம், பத்து நாள் என்று சுருங்கியிருக்கும். கிடாரை அறையில் அடங்கவிடும் நாட்களை அதற்குள்ளேயே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். கம்பி மாற்றக் கூடாது, சேடிலைத் தேய்க்கக் கூடாது, பெட்டியைத் தூக்கியெறியக் கூடாது. வாரன்டித் தாள்கள் பெரும்பாலும் செய்நேர்த்திக் குறைகளை ஏற்கின்றன, ஈரப்பதத்தாலும் வெப்பத்தாலும் வந்த சேதத்தை ஏற்பதில்லை. முறுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் விழுவதால் வாதம் எளிதில் அவர்கள் பக்கம் சாயும். ‘கழுத்து கோணலாகத் தெரிகிறது’ என்று எழுதினால் சகஜம் என்ற பதில்தான் வரும். வந்த நாளிலும் ஐந்தாம் நாளிலும் ஆறாவது கம்பியில் இவ்வளவு, முதல் கம்பியில் இவ்வளவு, இன்னின்ன ஃபிரெட்டில் பஸ் அடிக்கிறது என்று எண்களோடும், தகடு செருகிய படத்தோடும், வாசிப்பின் ஒலிப்பதிவோடும் எழுதினால் பேச்சு வேறு மாதிரி போகும். அதற்கும் அசையாவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறையுள்ள பொருளுக்குப் பரிகாரம் கேட்க வழி வைத்திருக்கிறது. மாவட்ட ஆணையத்திலும் முதலில் கேட்கப்போவது இதே எண்களையும் தேதிகளையும்தான்.

திருப்பிக் கொடுக்கும் காலம் கடந்துவிட்டது, முறுக்கு பாஸ் பக்கம்தான், கூடவும் இல்லை என்றால், 11-52 போன்ற மெல்லிய செட்டுக்கு மாறினால் கழுத்தின் மேலுள்ள இழுவை சில கிலோ குறையும். மாற்றிய பிறகு ராடையும் சற்றுத் தளர்த்தி, ஒரு வாரம் கழித்து ஃபில்லர் கேஜை மறுபடி எடுக்க வேண்டும். பிறகு மழைக்காலத் தொடக்கத்தில் ஒருமுறை, பங்குனி வெயிலில் ஒருமுறை.